ஃபாரன்ஹீட் 451: மொன்டாக்குக்காக இரங்க முடியுதா உங்களால? (முடிவு வரைக்கும் கதைச்சிருக்கு, வாசிக்காதாக்கள் கவனம்)

மெரீன்டிரைவ்_வாசகி:

வணக்கம் எல்லாருக்கும். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வெள்ளவத்தையில நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து மாசம் ஒரு புத்தகம் எண்டு வாசிக்கிறனாங்கள். இந்தமுறை ரே பிராட்பரியின்ர ஃபாரன்ஹீட் 451. போயா லீவில இருந்த இருப்பில வாசிச்சு முடிச்சிட்டன். வாற ஞாயிறு நான்தான் பேச்சைத் தொடங்கவேணும், தலைப்பையும் அவையளே தந்திட்டினம், "மொன்டாக்கின்ர மனப்போராட்டம்". அங்கதான் எனக்கு இடிக்குது.

கதை தெரியாதாக்களுக்காக ரெண்டு வரி. 1953ல வந்த நாவல். அந்த ஊரில ஃபயர்மேன் எண்டா தீ அணைக்கிற ஆள் இல்ல, வைக்கிற ஆள். வீடெல்லாம் தீப்பிடிக்காத மாதிரிக் கட்டியாச்சு, அதால அவையளுக்கு வேற வேலை குடுத்தாச்சு, ஆரோ ஒருத்தர் வீட்டில புத்தகம் இருக்கெண்டு கோல் வந்தா சைரன் போட்டுக்கொண்டு போய் மண்ணெண்ணெய் அடிச்சுக் கொளுத்திறது. மொன்டாக் பத்து வருசமா இதைத்தான் செய்யிறான். எரிக்கிறது சந்தோசமா இருந்ததெண்டுதான் புத்தகமே தொடங்குது. பிறகு பக்கத்து வீட்டுப் பெட்டை கிளாரிஸ், பதினேழு வயசு, நீங்க சந்தோசமா இருக்கிறீங்களா எண்டு கேட்டிட்டு ஓடிடுறா. கொஞ்ச நாளில ஒரு கிழவி தன்ர புத்தகங்களை விட்டிட்டு வர மாட்டன் எண்டு தானே நெருப்புக்குச்சியைக் கிழிச்சு அதுகளோட எரிஞ்சு போறா. அதோட இவருக்கு மனச்சாட்சி முழிச்சிடுது.

முதல் பிரச்சினை, பத்து வருசம் நித்திரை கொண்ட மனச்சாட்சி ஒரு கேள்வியில முழிக்குமா? எனக்கு அது சினிமாத்தனமாப் படுது.

ரெண்டாவதுதான் பெரிசு. எங்கட வீட்டில 1981 பற்றிக் கதைக்காத ஜூன் மாசம் இல்ல. அம்மா யாழ்ப்பாணம், படிக்கிற காலத்தில யாழ்ப்பாணப் பப்ளிக் லைப்ரரியில இருந்துதான் படிச்சவா. மே 31 இரவு வச்ச நெருப்பு, கிட்டத்தட்ட 97,000 புத்தகம், ஓலைச்சுவடியள், எல்லாம் போச்சு. அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த என்னைப் பிடிச்சு, எரிக்கிறவன்ர நெஞ்சுக்குள்ள போய் இருந்து பார், அவனும் பாவம் எண்டு இந்தப் புத்தகம் சொல்லுது. எனக்கு அந்தக் கிழவியின்ர பக்கம் நிக்கத்தான் மனம் வருது. அவவுக்கு ஒரு பேர்கூட எழுத்தாளர் குடுக்கேல்ல! எரிச்சவனுக்குப் பேர், பெண்டில், கனவு, குற்றவுணர்ச்சி எல்லாம் இருக்கு.

இதை ஒரு குறையா மேசையில வைக்கலாமா, இல்லாட்டி நான் சொந்தக் கதையைக் கொண்டுபோய் நாவலுக்குள்ள திணிக்கிறனா? வாசிச்சாக்கள் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை_காகம்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன், ரெண்டாவது பெரிய ஆளுங்க வந்து பேசட்டும்.

கிளாரிஸ் கேட்டதால திருந்தினான்னு எல்லாரும் சொல்றாங்க, பரீட்சைக் குறிப்புல கூட அப்பிடித்தான் இருக்கும். ஆனா அந்த முதல் ராத்திரி அவன் வீட்டுக்குள்ள போற இடத்த திருப்பிப் பாருங்க. ஹோல்ல நின்னு மேல இருக்கிற காத்துப் போற கம்பித் தட்டைப் பாக்குறான், உடனே பார்வைய வேற பக்கம் திருப்பிக்கிறான். அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு அப்ப நமக்குச் சொல்ல மாட்டாரு எழுத்தாளர். ரொம்பப் பக்கம் போனதுக்கப்புறம்தான் கதிரை போட்டு ஏறி, தட்டை இழுத்து, ஒண்ணொண்ணா புத்தகமா எடுத்து பொண்டாட்டி மில்ட்ரெட் காலடியில போடுறான், இருபது புத்தகம் கிட்ட வரும். ஒரு வருசமா அப்பப்ப ஒளிச்சு வச்சேன், ஏன்னு எனக்கே தெரியலன்னு சொல்றான். பார்க்குல கிழட்டு வாத்தியார் ஃபேபரைச் சந்திச்சதும் அதே ஒரு வருசம் முன்னாலதான். அந்தாளு சட்டைப் பைக்குள்ள புத்தகம் இருக்குன்னு தெரிஞ்சும் பிடிச்சுக் குடுக்காம விட்டிருக்கான்.

அப்ப கணக்குப் போடுங்க. கிளாரிஸ் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இவன் பகல்ல ஒரு ஆளு, ராத்திரி ஒரு ஆளு. டியூட்டியில எரிக்கிறான், சிரிக்கிறான், எரிக்கிற வீட்டுலயே ஒண்ணு ரெண்டு சுட்டுக்கிட்டும் வந்துடுறான். அந்தப் பொண்ணு செஞ்சதெல்லாம், ரெண்டு ஆளும் ஒரே சட்டைக்குள்ளதான் இருக்காங்கன்னு அவனுக்குக் காட்டினது மட்டும்தான். முதல் வரியில வர்ற சந்தோசமும் பொய் இல்ல, அது இன்னும் கொடுமை. உண்மையாவே அவனுக்குப் பிடிச்சிருக்கு. கடைசியில அவனோட மேலதிகாரி காப்டன் பீட்டி அவன் சொந்த வீட்டையே அவன் கையால எரிக்க வைக்கும்போது கட்டிலையும் அந்த டீவிச் சுவரையும் கொளுத்துறப்ப அவனுக்கு ஒரு சுகம் வருது பாருங்க, அதுக்குள்ள அவன் "திருந்தி" எவ்வளவு பக்கம் ஆச்சு!

இன்னொண்ணு, கை. கிழவி வீட்டுல புத்தகம் வந்து கையில விழுது, கை அதைக் கக்கத்துக்குள்ள சொருகிடுது, இவன் ஏதோ அடுத்தவன் கையப் பாக்கிற மாதிரி பாக்குறான். பீட்டியைக் கொளுத்தினப்பவும் அதே கததான், கை செஞ்சுதா, கையப் பாத்து பீட்டி காட்டின முகம் செய்ய வச்சுதான்னு பின்னாடி அவனால முடிவு பண்ணவே முடியல. திருடினதும் கை, கொன்னதும் கை. பத்து வருசம் எரிச்சது மட்டும் யாரு? எனக்கு மனப்போராட்டம்ன்னா இதுதான், நல்லவனா கெட்டவனான்னு இல்ல, செஞ்சத நான்தான் செஞ்சேன்னு சொல்ல வாய் வராத ஒரு மனுசன்.

ராஜகிரிய_ரகு_இல்லை:

இதுக்குத் தமிழ் பிடிஎஃப் ஆரிட்டயாவது இருக்கா?

கொட்டாஞ்சேனை_காகம்:

புத்தகத்த எரிக்கிற கதைய ஓசியில கேக்குறீங்களே ஐயா. வெள்ளவத்தைப் பக்கம் புத்தகக் கடையில கேட்டுப் பாருங்க, இல்லன்னா டவுன்ஹோல் பக்கத்துல பப்ளிக் லைப்ரரில இங்கிலீஷ் பிரதி தேடுங்க.

திம்பிரிகஸ்யாய_தவளை:

தலைப்பே பிழையான ஆளுக்குக் குடுத்திருக்கு. மனப்போராட்டம் எண்டா அது பீட்டிதான், மொன்டாக் இல்ல.

யோசிச்சுப் பாருங்க, மொன்டாக் வாசிக்காம எரிச்சவன், அவனுக்கு அது வெறும் கடதாசி. பீட்டி வாசிச்சிட்டு எரிக்கிறவன். வாயைத் திறந்தா பழைய கவிஞர்மாரின்ர வரிதான், கிழவி சொன்ன வாக்கியத்தைக்கூட, 1555ல ஒக்ஸ்போர்டில உயிரோட எரிக்கப்பட்ட லேட்டிமர் ரிட்லிக்குச் சொன்னதெண்டு ஃபயர் டிரக்கில போகேக்கயே பீட்டிதான் விளங்கப்படுத்துறான். நினைச்சுப் பாருங்க, அவ சொன்னது அந்த வண்டியில ஒரே ஒருத்தனுக்குத்தான் விளங்கியிருக்கு, அவன் எரிக்கப் போனவங்களின்ர தலைவன். இதைவிடத் தனிமையான ஒரு சீனை நான் வாசிச்சதில்ல.

பிறகு மொன்டாக் சுகமில்லையெண்டு படுத்திருக்க வந்து லெக்சர் அடிக்கிறான் பாருங்க, அங்க ஒண்டு சொல்லுவான், எல்லா ஃபயர்மேனுக்கும் வாழ்க்கையில ஒருக்கா இந்தச் சொறி வரும், ஒருத்தன் புத்தகம் ஒண்டை வீட்ட கொண்டு போனா 24 மணித்தியாலம் விடுவம், தானா எரிக்காட்டி நாங்கள் போய் எரிச்சுக் குடுப்பம் எண்டு. எவ்வளவு நுணுக்கமா வச்சிருக்கிறாங்கள்! மனச்சாட்சிக்கும் லீவு படிவம் இருக்கு. இவனுக்கும் அந்த 24 மணித்தியாலம் ஒரு காலத்தில வந்திருக்கும், இவன் எரிக்கிற பக்கத்தைத் தெரிவு செய்திருப்பான். பிராட்பரி பிற்காலத்தில இதை மேடை நாடகமா எழுதேக்க பீட்டியின்ர வீட்டுக்குள்ள சுவர் முழுக்கப் புத்தகம் வச்சார், ஒண்டையும் அவன் திறக்கிறதில்ல. வச்சிருக்கிறது குற்றமில்ல, வாசிக்கிறதுதான் குற்றமாம். கடைசியில சாகிறதுக்கெண்டே மொன்டாக்கைச் சீண்டுறான், அது மொன்டாக்குக்கே பிறகுதான் ஓடி வெளிக்குது.

சரி, உங்கட ரெண்டாவது கேள்வி. நீங்கள் திணிக்கிறீங்க எண்டுதான் நான் சொல்லுவன், கோவிக்காதீங்க. பீட்டி சொல்லுற வரலாறில அரசாங்கம் மேல இருந்து சட்டம் போட்டுத் தொடங்கேல்ல. சனம்தான் முதல்ல வாசிக்கிறதை விட்டது. புத்தகத்தைச் சுருக்கினாங்கள், பிறகு அதையும் சுருக்கினாங்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் மனம் நோகுமெண்டு ஒவ்வொரு பந்தியா வெட்டினாங்கள், கடைசியில மிச்சம் இருந்ததை எரிக்க ஒரு டிபார்ட்மெண்ட். யாழ்ப்பாணத்தில நடந்தது அப்பிடியே இல்ல. அங்க சனம் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தது, அதாலதான் எரிச்சாங்கள். மாவட்ட சபைத் தேர்தலுக்கு நாலு நாள் இருக்கேக்க, பொலிஸ்காரர் ஊரில இறங்கி, ஈழநாடு பேப்பர் கந்தோரையும் சேர்த்துக் கொளுத்தினது. அது பகை. நாவலில இருக்கிறது சலிப்பு. ரெண்டையும் ஒரே மேசையில வச்சா ஒண்டையும் ஒழுங்காப் பேசேலாது.

பழைய_லொட்ஜ்காரர்:

தவளைத் தம்பி, நீர் கோடு போட்டுப் பிரிக்கிற அளவுக்கு அது லேசில்லை.

நான் தொண்ணூறுகளில கொழும்புக்கு வந்து லொட்ஜில இருந்தனான். அந்தக் காலத்தை இருந்து பார்த்தாக்களுக்குத் தெரியும், பொலிஸ் பதிவு, இரவு செக்கிங், றூமில என்ன கடதாசி கிடக்குதெண்டு கிளறுவாங்கள். தமிழில அச்சடிச்சிருந்தாலே என்ன புத்தகம் எண்டு விளங்கப்படுத்த வேணும், விளங்கப்படுத்த எங்களுக்குச் சிங்களம் வராது, வந்தாலும் அவன் நம்ப வேணுமே. அடுத்த கட்டிலில இருந்த பெடியன் ஒருநாள் பின்னேரம் ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள்ள போனான், ஊரில இருந்து வந்த கடிதங்கள், ரெண்டு மூண்டு சஞ்சிகை, ஒரு கவிதைப் புத்தகம். புகை வெளியில போகாமல் இருக்கத் தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா எரிச்சவன். கவிதைப் புத்தகத்தின்ர கவரைத்தான் முதல் கிழிச்சவன், பேர் தெரியக்கூடாதெண்டு. இப்பிடி வீட்டுக்கு வீடு நடந்தது. அல்பத்தில இருந்து போட்டோக்களை எடுத்து எரிச்ச குடும்பங்கள் எத்தனை. எங்கட ஆக்களின்ர புத்தகத்தை எங்கட ஆக்களே எரிச்சவை, ஆரும் யூனிஃபோம் போட்டு நிண்டு கொளுத்தச் சொல்லேல்லை.

இதை ஏன் சொல்லுறன் எண்டா, தங்கச்சி, மொன்டாக் திருந்தினதுக்குப் பிறகும் ஒரு புத்தகத்தை எரிக்கிறான், கவனிச்சனீரோ? மில்ட்ரெட்டின்ர சிநேகிதியள் வந்திருக்கேக்க ஆத்திரத்தில ஒரு கவிதைப் புத்தகத்தை எடுத்து வாசிக்கிறான், "டோவர் பீச்" எண்ட பழைய கவிதை. அதில ஒரு பொம்பிளை, மிஸிஸ் ஃபெல்ப்ஸ், ஏனெண்டு தெரியாமல் விம்மி அழுகிறா. சண்டை. காதுக்குள்ள வச்சிருக்கிற சின்ன ரேடியோவில இருந்து ஃபேபர் பதறுறார். கடைசியில இவன் நடந்து போய் அந்தப் புத்தகத்தைச் சுவரில இருக்கிற எரிக்கிற துவாரத்துக்குள்ள தானே போடுறான். கடமையும் இல்லை, சந்தோசமும் இல்லை, பயம். ஒருத்தரும் அந்த இடத்தைப் பற்றிக் கதைக்கிறேல்லை, எல்லாரும் கிழவியின்ர சாவோட நிண்டிடுவினம். எனக்கு அந்தத் துவாரம்தான் கண்ணில நிக்குது.

எரிக்கிறவன் ஒரு சாதி, பறிகுடுக்கிறவன் ஒரு சாதி எண்டு பிரிச்சு வச்சிருந்தா இந்த நாவல் உமக்கு எரிச்சலாத்தான் இருக்கும். இரங்கச் சொல்லி நான் உம்மைக் கேக்கேல்லை. லைப்ரரியைக் கொளுத்தினவங்களுக்கு நானும் இரங்க மாட்டன், அதுக்கு இண்டைவரைக்கும் ஒருத்தனும் தண்டனை அனுபவிக்கேல்லை. ஆனால் அந்தப் பெடியனை என்ன செய்யிறது? அவனையும் எரிச்ச ஆள் எண்டுதானே சொல்ல வேணும்.

மெரீன்டிரைவ்_வாசகி:

அங்கிள், அந்தத் துவாரம் விசயம் ஞாயிறு கட்டாயம் மேசைக்கு வரும். காகம் சொன்ன கம்பித் தட்டும்.

ஆனா ஒரு இடத்தில நான் இன்னும் நிக்கிறன். லொட்ஜ் பெடியன் எரிச்சது தன்னட்ட இருந்ததை, தன்ர உயிருக்காக. மொன்டாக் எரிச்சது அடுத்தவன்ர வீட்டை. ரெண்டையும் பயம் எண்ட ஒரு சொல்லுக்குள்ள போட்டா, நாளைக்கு ஆரும் வந்து நானும் பயந்துதான் கொளுத்தினன், மேல இருந்து ஓடர் வந்தது எண்டு சொல்லலாம், நாங்கள் தலையாட்ட வேணும். தவளை சொல்லுற பகை-சலிப்புக் கோடும் எனக்குச் சரியாப் படேல்ல. 1933 மே 10 பெர்லினில ஒப்பேரா சதுக்கத்தில எரிச்சது ஆர்? யூனிவேர்சிற்றிப் பெடியள். வாசிக்கத் தெரிஞ்ச, வாசிக்கிறதையே படிப்பா வச்சிருந்த கூட்டம். அங்க பகையும் இருந்தது, பாட்டும் கூத்தும் கொண்டாட்டமும் இருந்தது. பிராட்பரிக்கு அந்த நெருப்பும் மனசில இருந்ததெண்டு அவரே சொல்லியிருக்கிறார். அப்ப நாவலைத் தனியாப் பிரிச்சு வைக்கேலாது.

மொன்டாக் நெருப்புக்குப் பிறகு என்ன செய்தான் எண்டதுதான் எனக்குக் கேள்வி. கிழவி செத்த அடுத்த நாள் மில்ட்ரெட்டுக்குச் சொல்லுறான், ஒவ்வொரு புத்தகத்துக்குப் பின்னாலயும் ஒரு மனுசன் இருந்திருக்கிறான், யோசிச்சு யோசிச்சு எழுதியிருப்பான், நான் ரெண்டு நிமிசத்தில கொளுத்திட்டு வாறன் எண்டு. அந்த ஒரு இடத்தில மட்டும் எனக்கு அவனோட சேர்ந்து இருக்க முடிஞ்சது. பிறகு உடனே ஆக்சன் படமாயிடுது.

கொட்டாஞ்சேனை_காகம்:

ஆக்சன் படம் ஆகுறதுலயும் ஒரு விசயம் இருக்கு. ஓடுறதுக்கு நடுவுல ப்ளாக்ன்னு கூட வேலை செஞ்ச ஒருத்தன் வீட்டுக்குள்ள புத்தகத்த ஒளிச்சு வச்சிட்டு, வெளிய வந்து போன் பண்ணி அவனையே மாட்டி விடுறான். அந்த வீட்டுல அந்த நேரம் ப்ளாக்கோட சம்சாரம் தூங்கிட்டு இருக்கா. எரிக்கச் சொல்லி வண்டியக் கூப்பிடுறது இப்ப நம்ம ஹீரோ. உங்களுக்கு "குறை" வேணும்ன்னா இதை எடுத்துப் போடுங்க, கிழவிக்குப் பேர் இல்லாதத விட இது கனம்.

ஆமர்_வீதி_ஆந்தை:

நான் ரெண்டு விசயம் மட்டும்.

ஒண்டு, ஜோர்ஜ் ஓர்வெல்லின்ர 1984 எண்ட நாவலில வாற வின்ஸ்டனையும் பக்கத்தில வச்சுப் பாருங்க. அவன்ர வேலை பழைய பேப்பரைத் திருத்தி எழுதி, மூலத்தை ஒரு ஓட்டைக்குள்ள போட்டு எரிக்க விடுறது. கட்சியை வெறுக்கிறான், களவா டயரி எழுதுறான், ஆனா வாழ்க்கையில அவனுக்குப் பெரிய சந்தோசமே அந்த வேலைதான். இல்லாத ஒரு வீரனை, தோழர் ஓகில்வி, தானே கற்பனையில உருவாக்கிட்டுப் பெருமைப்படுறான். மொன்டாக்குக்கு மண்ணெண்ணெய் வாசம் பிடிக்கிற மாதிரி. வேலையில கெட்டிக்காரனா இருக்கிறதும் அந்த வேலையை வெறுக்கிறதும் ஒரே தலைக்குள்ள சும்மா பக்கத்துப் பக்கத்தில இருக்கும். கந்தோருக்குப் போற எங்களுக்கு இது புதுசா?

ரெண்டு, எம். ஏ. நுஃமானின்ர "புத்தரின் படுகொலை" கவிதையையும் ஞாயிறு கொண்டு போங்க. யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றித்தான். அதில சிவில் உடுப்பில வந்த அரச காவலர் நூலகத்துப் படியில புத்தரைச் சுட்டுட்டு, புத்தகங்களைக் குவிச்சு, சிகாலோவாத சூத்திரம் எண்ட பௌத்த நூலைக் கொண்டு கொள்ளி வைக்கிறாங்கள், தம்மபதமும் சாம்பலாகுது. கொளுத்தினவன்ர மனசுக்குள்ள கவிஞர் ஒரு எட்டும் வைக்கேல்ல. அவனுக்கு அதில போராட்டமே இல்ல, வேலையை முடிக்கிற அவசரம்தான். போராடவேண்டியது அந்தப் புத்தரைக் கும்பிடுற வாசகன். அதுவும் ஒரு வழி, பிராட்பரிக்கு நேர் எதிர். ரெண்டையும் வாசிச்சிட்டுப் பேசினா வாசகிக்கு இந்த இரங்கிறது இரங்காதது எண்ட இழுபறி கொஞ்சம் தளரும் எண்டு நினைக்கிறன்.

திம்பிரிகஸ்யாய_தவளை:

நுஃமான் நல்ல யோசனை. அது கனவு எண்டு தொடங்கிற கவிதை எண்டதையும் சொல்லுங்க, நேரடிச் செய்தி இல்ல.

பெர்லின் உதாரணத்துக்குப் பதில் சொல்லாம விடேலாது. அந்தப் பெடியள் பீட்டியின்ர ஆக்கள், வாசிச்சிட்டு எரிச்சவங்கள், அதால அது என்ர கட்சிக்குத்தான் உதவுது. எரிக்கிறதில ஆகக் கூடின ஆபத்து வாசிச்சவன்.

பழைய_லொட்ஜ்காரர்:

எல்லாரும் ஆம்பிளையளையே பிரிச்சு மேயுறியள், மில்ட்ரெட்டை ஏன் விட்டனியள்? போன் பண்ணிப் புருசனைக் காட்டிக் குடுக்கிறது அவதான். கதை தொடங்கேக்க ஒரு போத்தல் நித்திரைக் குளிசை விழுங்கினதும் அவதான், அடுத்த நாள் விடிய எழும்பி அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை எண்டு சாப்பிடுறா. அவவுக்குப் போராட்டம் இல்லையெண்டு ஆர் சொன்னது, அவவால அதைத் தூக்கிப் பார்க்க ஏலாமல் இருந்தது. மொன்டாக் புத்தகத்தைக் கையில திணிக்கேக்க அவ கேக்கிற கேள்வி நியாயமானது, இதால எங்களுக்கு என்ன, வீடு போயிடுமே எண்டு. லொட்ஜில அந்தக் கேள்வியைத்தான் நாங்கள் எல்லாரும் கேட்டனாங்கள். தங்கச்சி, நேரம் இருந்தா ஞாயிறு அவவுக்கு ஒரு பத்து நிமிசம் ஒதுக்கும்.

மெரீன்டிரைவ்_வாசகி:

ஒதுக்கிறன் அங்கிள். ஒரு சின்னக் கேள்வி, எங்கட கூட்டத்தில ரெண்டு பேர் புத்தகம் வாசிக்காம 1966ல வந்த படத்தைப் பார்த்திட்டு வாறம் எண்டு நிக்கினம். விடலாமா?

ஆமர்_வீதி_ஆந்தை:

விடாதீங்க, இல்லாட்டி முழு நேரமும் சண்டைதான். படத்தில கிளாரிஸ் உயிரோட இருந்து கடைசியில புத்தகங்களை மனப்பாடமா வச்சிருக்கிற புத்தக மனுசரோட போய்ச் சேர்றா, நாவலில அவ பாதிக்கு முன்னமே இல்லாமப் போறா. ஃபேபர் படத்திலயே இல்ல. படத்தை எடுத்த ட்ரூஃபோ கிளாரிஸுக்கும் பெண்சாதிக்கும் ஒரே நடிகையைப் போட்டிருக்கிறார், ஜூலி கிறிஸ்டி, பெண்சாதிக்குப் பேரும் லிண்டா. நீங்கள் மில்ட்ரெட் எண்டு பத்து நிமிசம் பேச அவையள் ஆர் மில்ட்ரெட் எண்டு கேப்பினம். முதல் பாகத்தை மட்டுமாவது வாசிச்சிட்டு வரச் சொல்லுங்க, பீட்டி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து பேசுற பேச்சு அதுக்குள்ளதான் வருது.